பின்வாசல் உடற்பயிற்சி மேடை: ரிங்லெட் மழைக்குளிரில் நான்கு மாத வேலை

ஜனவரி நாள்காட்டித் தாளில் 31 நாளுக்கு 24 டிக், பயிற்சி செய்த நாளுக்கு ஒன்று. அக்டோபர்த் தாளில் வெறும் 11. இரண்டுக்கும் நடுவே மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டில் ஒரு லயன் வீட்டுப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்வாசலில் நடந்த வேலைதான் இந்தப் பதிவு. மொத்தச் செலவு 624 ரிங்கிட். அதில் 165 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வது) தண்டம். தண்டமானதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். கேமரன் மலையில் குளிருக்குப் பயந்து பயிற்சியை விட்டவர்கள் எல்லோரும் முதலில் வாங்குவது அதே தார்ப்பாயும் அதே பஞ்சுப் பாயும்தான்.

இங்கே குளிர் என்றால் விடியற்காலை 16, 17 டிகிரி. முந்தின நாள் மழை பெய்து இரவில் வானம் வெளுத்துவிட்டால் 15. மலையில் இன்னும் மேலே இருக்கும் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் இன்னும் ஓரிரு டிகிரி குறையும். பனி கொட்டும் நாட்டில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர்களுடைய சப்பாத்து காய்ந்திருக்கும், இங்கே காயாது. இன்னொன்று இருட்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் தாமதமாகத்தான் எழுகிறது. நவம்பர் தொடக்கத்தில் 7 மணி, பிப்ரவரி தொடக்கத்தில் ஏழரை. ஆறு மணிக்கு எழுந்தால் கும்மிருட்டு. அந்த நேரத்தில் தாப்பா சாலையில் ஓடலாம் என்றால் மூடுபனிக்குள் காய்கறி லோரிகள் வளைவில் திரும்பும். ஆகவே வீட்டோடுதான் வழி பார்க்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன்பு அக்டோபர் முழுக்கச் செய்த ஒரே வேலை, பயிற்சி செய்யாத நாளில் நாள்காட்டித் தாளில் காரணத்தை இரண்டே சொல்லில் எழுதி வைத்தது. தவறிய 20 நாளின் கணக்கு: தரை வழுக்கல் 7, ஈரச் சப்பாத்து 5, இருட்டு 4, குளிர் 2, காரணமே எழுதாதது 2. ஊக்கம் இல்லை, ஊக்கம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்த மாதத்தில் குளிரின் பங்கு இரண்டே நாள். மீதியெல்லாம் சுத்தியலும் திருப்புளியும் வைத்துச் சரிசெய்யக்கூடிய சங்கதி. இந்த ஒரு மாதத்தைத் தவிர்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போயிருந்தால் முதலில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கியிருப்போம். அது பீரோவில் தொங்கியிருக்கும்.

இடம் பின்வாசல் திண்ணை. 10 அடி நீளம், 8 அடி அகலம், சிமெண்டுத் தரை, மேலே பழைய துத்தநாகத் தகடு. சுவர்ப் பக்கம் உயரம் 8 அடி 6 இஞ்ச். வெளிப்பக்கம் தாழ்ந்து 7 அடி 2 இஞ்ச். வெளிப்பக்கத்தில் 4 இஞ்ச் மரத்தூண் மூன்று, ஐந்தடிக்கு ஒன்று.

முதலில் கூரை. ஒழுக்கு ஐந்து இடத்தில். பெரும்பாலும் ஆணித் துளை. பழைய குடை ஆணிகள் மேலே எழும்பி, அடியிலிருந்த ரப்பர் மொறுமொறுவென்று உதிர்ந்திருந்தது. மழை நின்ற மறுநாளே ஏறி இரண்டு குழாய் சிலிகோன் பூசினோம். 16 வெள்ளி. இரண்டு வாரத்தில் தோல் உரிவது போல உரிந்து வந்தது. தவறு இரண்டு. தகடு தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் துருவுக்குள் ஈரம் இருந்தது. அதைவிடப் பெரிய தவறு, வாங்கியது புளிக்காடி வாடை வீசும் சிலிகோன். அதிலிருந்து கசியும் அமிலம் துத்தநாகப் பூச்சையே அரிக்கும். தகட்டுக்கு வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது முறை மூன்று நாள் வெயில் கிடைக்கும்வரை காத்திருந்தோம். பழைய ஆணிகளைப் பிடுங்கி, அதே துளையில் ஒரு சுற்றுத் தடிமனான 14ஆம் நம்பர் கூரைத் திருகு, கறுப்பு ரப்பர் வாஷரோடு. பழைய துளை அகன்றிருப்பதால் 12ஆம் நம்பர் பிடிக்காது, சும்மா சுழலும். திருகு தகட்டின் மேட்டில்தான் இறங்க வேண்டும். பள்ளத்தில் இறக்கினால் ஓடுகிற தண்ணீர் முழுவதும் அதன் மேல்தான் போகும். வாஷர் லேசாகப் பிதுங்கும்போது கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழிந்து மறுபடி முதலிலிருந்து. துரு ஓட்டை இரண்டுக்குக் கம்பித் தூரிகையால் தேய்த்து அலுமினிய ஒட்டுநாடா. திருகு 18, நாடா 24. தகட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல், அடியில் சட்டம் ஓடும் வரிசையில் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம்.

அடுத்தது சாரல். நீலத் தார்ப்பாய் 28 வெள்ளி. கட்டிய அன்றிரவே படபடவென்று அடித்ததில் அக்கம்பக்கம் தூங்கவில்லை. பத்தாம் நாள் கண்வளையம் நான்கு பிய்ந்தது. இருந்த வெளிச்சத்தையும் மறைத்தது. மேலிருந்து கீழ்வரை அடைத்துவிட்டதால் உள்ளே புழுங்கிய ஈரம் போக வழியில்லாமல் சுவரில் கரும்பூசணம்.

விடை கண்ணெதிரிலேயே இருந்தது. காய்கறித் தோட்டக் கூடாரங்களுக்குப் போடும் யு.வி. பிளாஸ்டிக், 200 மைக்ரான். கூடாரம் மாற்றும்போது மிஞ்சும் துண்டைத் தோட்டக்காரர்கள் தூக்கித்தான் எறிகிறார்கள். 12 அடிக்கு 7 அடித் துண்டு 20 வெள்ளிக்குக் கிடைத்தது. வெளிச்சம் உள்ளே வரும், வெயிலில் சீக்கிரம் நொறுங்காது. இதை நேரடியாக ஆணி அடிக்கக் கூடாது; துளையிலிருந்தே நீளமாகக் கிழியும். மேல் ஓரத்தை மூன்று மடிப்பு மடித்து, ஒன்றுக்கு இரண்டு இஞ்ச் ரீப்பர் கட்டை இரண்டுக்கு நடுவே கவ்வ வைத்து, 8 இஞ்சுக்கு ஒரு திருகு. கட்டையைக் கூரையை ஒட்டிப் பொருத்தாமல் 10 இஞ்ச் கீழே இறக்கிப் பொருத்தினோம். அந்த இடைவெளிதான் ஈரக் காற்று வெளியே போகும் வழி. கீழ் ஓரத்தில் மணல் அடைத்த பி.வி.சி. குழாய். காற்றில் தூக்காது, வெயில் நாளில் அதிலேயே சுருட்டி மேலே கட்டிக்கொள்ளலாம். கட்டையும் குழாயும் 26.

தரையில்தான் அதிகம் அடி வாங்கினோம். பாசியை எடுப்பது சுலபம்: ஒரு பங்கு குளோராக்ஸ் (வெளுப்பான்), பத்துப் பங்கு தண்ணீர், 15 நிமிடம் ஊறவிட்டுத் தேய்ப்பு. கழிவறை கழுவும் அமிலத்தை இதோடு கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும். பாசி போனாலும் சிமெண்டு ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அதற்காக 12 மில்லிமீட்டர் பஞ்சுப் பாய், ஒன்றோடொன்று கோக்கும் வகை, 45 வெள்ளி. ஈரத் தரையில் அது மொத்தமாக நகர்ந்தது. ஒற்றைக் காலில் நின்றால் கணுக்கால் ஆடியது. ஒரு வாரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீரும் பூசண வாடையும். இப்போது அது வீட்டுக்குள் குழந்தை விளையாடக் கிடக்கிறது.

அதன் பிறகுதான் பலகை மேடை யோசனை. ஹார்ட்வேர் கடைப் பின்புறம் கிடந்த பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) இரண்டு, ஒன்று 10 வெள்ளி, அளவு 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். வாங்கும்போது முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டால் 2 மீட்டருக்கு 1.2 மீட்டர். மேலே 9 மில்லிமீட்டர் பிளைவுட், 52 வெள்ளி. பாலெட் சட்டங்களுக்கு இடையே மூன்றரை இஞ்ச் இடைவெளி. அந்த இடத்தில் கால் ஊன்றினால் பலகை தொட்டில் போலக் குழிந்தது. 18 மில்லிமீட்டர் வாங்கிய பிறகுதான் அசையாமல் நின்றது, 98 வெள்ளி. காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி. மேடைக்குப் போக 17 இஞ்ச் அகலத்தில் 4 அடித் துண்டு மிஞ்சும். அதை எறியாதீர்கள். 17க்கு 16 இஞ்ச் மேற்பலகை ஒன்று. மிச்சத்தில் ஏழேமுக்கால் இஞ்ச் உயரத்தில் பக்கப் பலகை நான்கு. கணக்குப்படி எட்டு இஞ்ச் வர வேண்டும், ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தின்றுவிடும். ஒட்டித் திருகினால் எட்டரை இஞ்ச் உயரத்தில் ஏறி இறங்கும் படிப்பெட்டி. பயிற்சியில் பாதி இதன் மேல்தான்.

பிளைவுட் மேற்பரப்பு பனி ஈரத்தில் வழுக்கும். வெளிப்புற வார்னிஷ் இரண்டு பூச்சு, 35 வெள்ளி. இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே தேநீர் வடிகட்டியில் சலித்த நைஸ் மணலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைக் கூட்டித் தள்ள வேண்டும். வெறுங்காலுக்குச் சொரசொரப்பு தெரியும், கிழிக்காது. ஓரங்களுக்கும் வார்னிஷ் அவசியம். பிளைவுட் ஊறி வாய் பிளப்பது எப்போதும் வெட்டிய ஓரத்திலிருந்துதான்.

மேடை போட்ட பிறகு தெரிந்த கோளாறு இரண்டு. ஒன்று, உயரத்தைத் தரையிலிருந்து அளந்திருந்தோம். மேடை ஆறரை இஞ்ச் தின்றது. வெளிப்பக்கம் நின்று ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றினால் கூரைச் சட்டத்தில் பட்டது. கயிற்றுக்குத் தலைக்கு மேல் ஒரு அடி வேண்டும். ஆகவே ஸ்கிப்பிங் சுவரோரம், படிப்பெட்டி வெளியோரம் என்று இடம் மாற்றியாயிற்று. இரண்டாவது கோளாறு சத்தம். பாலெட்டுக்குள் காலி இடம். அதன் மேல் குதித்தால் தப்பு அடித்தது போல் கேட்கும். லயன் வீட்டில் சுவர் பொதுச்சுவர். காலை ஆறு மணிக்கு யாரும் பொறுக்க மாட்டார்கள். பழைய மோட்டார் டயரை 4 இஞ்ச் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு கட்டையின் அடியிலும் வைத்ததில் பாதி அடங்கியது. மீதிக்கு மருந்து ஒரு கட்டுப்பாடு: ஏழு மணிக்கு முன்னால் குதிப்பே கிடையாது, ஏறி இறங்குவது மட்டும்.

தொங்கு கம்பிக்கு முதலில் போட்டது முக்கால் இஞ்ச் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு), 24 வெள்ளி. ஐந்தடி இடைவெளியில் 80 கிலோ ஆள் இரண்டு முறை ஆடித் தொங்கியதும் நடுவில் வாழைப்பழமாக வளைந்தது. அடுத்து ஒரு இஞ்ச், நடுத்தரத் தடிமன், 38 வெள்ளி. இதன் வெளிவிட்டம் 34 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; கைக்கு அடக்கம். ஒன்றேகால் இஞ்ச் இன்னும் பலம்தான், ஆனால் விரல் சுற்றி வராது. தூணில் துளை போட்டுக் குழாயை நுழைக்காமல், தூணின் உள்பக்கம் இரண்டுக்கு நான்கு கட்டையை 10 மில்லிமீட்டர் போல்டால் இறுக்கி, மேலே அரைவட்டம் செதுக்கிக் குழாயை உட்கார வைத்து யு போல்டு. அந்த உருப்படிகள் 16. அதற்கு முன் தூணின் அடியைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பது முக்கியம். உள்ளே இறங்கினால் கரையான். கம்பி வேண்டாம், தூணை மாற்றுங்கள். ஒரு இஞ்ச் குழாயிலும் ஆடித் தொங்குவது கூடாது. நேராகத் தொங்கி நேராக ஏறினால் போதும்.

15 டிகிரியில் இரும்பைப் பிடிப்பது ஒரு தண்டனை. நாள்காட்டியில் ‘குளிர்’ என்று எழுதிய இரண்டு நாளும் இந்தக் கம்பியில்லாத காலத்து நாள். கம்பி வந்த முதல் வாரத்திலேயே மூன்றாவதும் சேர்ந்தது. பழைய மோட்டார் டியூபை ஒரு இஞ்ச் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றி, அதன் மேல் பூப்பந்து மட்டைப் பிடி நாடா. ஒரு சுருள் 110 சென்டிமீட்டர். ஓரத்தில் 5 மில்லிமீட்டர் மேலே ஏறும்படி சுற்றினால் ஒரு கைக்கு ஏழு, எட்டு இஞ்ச் வரும். இரண்டு கைக்கு இரண்டு சுருள், 10 வெள்ளி. டியூப் குளிரைத் தடுக்கும், நாடா வழுக்கலைத் தடுக்கும். முழுக் கம்பிக்கும் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இருட்டுக்கு 10 வாட் எல்.இ.டி. விளக்கு, 25, இயந்திர டைமர், 22. டைமரின் குச்சிகளை 5.45க்கு அழுத்தி வைத்தால் பின்வாசல் தானாகவே பளிச்சென்று விழிக்கும். கைப்பேசி அலாரத்தைப் படுத்தபடியே அணைக்கலாம். சன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை அணைக்க எழுந்துதான் போக வேண்டும், எழுந்தபின் பாதி வேலை முடிந்தது. இந்த வகை டைமரின் குறை, மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். இடிமழையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போன இரவுக்கு அடுத்த நாள் விளக்கு 7.45க்கு எரிந்தது. மின்தடைக்குப் பின் முள்ளைத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது. பிளக்கை வெளியே கொண்டு போகிற வேலையை மட்டும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டோம், 80 வெள்ளி. சாரல் படும் இடம், ஈரக் கை, 230 வோல்ட்; இதில் கைவேலை காட்டக் கூடாது.

சப்பாத்துப் பெட்டி: வீணான 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு அடி நீளப் பெட்டி, ஒரு முனையில் பழைய கணினியின் 12 வோல்ட் விசிறி போல ஒன்று, கடையில் 15 வெள்ளி, பழைய மோடத்தின் அடாப்டரில் ஓடுகிறது. மறுமுனையில் துளைகள். முதலில் திண்ணையிலேயே வைத்தோம், காலையில் பார்த்தால் போட்ட ஈரம் போட்டபடி. மூடுபனிக் காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கிறது. அதை எவ்வளவு ஊதினாலும் எதுவும் காயாது. பெட்டியை வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில், அந்த வெதுவெதுப்புக் காற்றை உறிஞ்சும்படி வைத்ததும் ஒரே இரவில் காய்ந்தது. உள்பாதத்தைக் கழற்றித் தனியே போட வேண்டும், நாக்கை வெளியே இழுத்து விட வேண்டும். அடுப்பு மேட்டில் வைத்துக் காய்ச்சினால் அடிப்பகுதி பசை விட்டு வாய் பிளக்கும்.

எடைக்கு 5 லிட்டர் பெயிண்டு டின்னில் கான்கிரீட். லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ, ஆக ஒரு டின் 12 கிலோ. சிமெண்டு 12 வெள்ளிக்குச் சில்லறையாக வாங்கியது, மணலும் கல்லும் ஆற்றோரம் கட்டட வேலையில் மிஞ்சியவை. வளைந்துபோன முக்கால் இஞ்ச் குழாய் இங்கே கைப்பிடியானது. முதல் உருப்படியில் குழாய் கான்கிரீட்டுக்குள் சுழன்றது. குழாய் முனையில் குறுக்கே துளையிட்டு நான்கு இஞ்ச் ஆணியை நுழைத்து ஊற்றியிருக்க வேண்டும். இரண்டாவதை 24 மணி நேரத்தில் டின்னிலிருந்து உரித்ததில் விளிம்பு பெயர்ந்தது. இந்தக் குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். மூன்று நாள் தொடாமல், பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு.

தினமும் நடக்கும் பயிற்சி 25 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே, கை சுழற்றல், நின்ற இடத்தில் நடை, முழங்கால் தூக்கல். உடம்பில் சூடு ஏறிய பிறகுதான் கதவைத் திறப்பது. படுக்கையிலிருந்து நேராகக் குளிருக்குள் போகும் நாள்தான் பாதியில் திரும்பும் நாள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டு, இந்த ஐந்தைப் பத்தாக்கிக்கொள்வது நல்லது. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டிக் குளிரும். பந்து விளையாடும் ஜெர்சிதான் சரி. மேலே ஒரு ஜாக்கெட், ஏழெட்டு நிமிடத்தில் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும், முடித்ததும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜனவரியில் தவறிய ஏழு நாளில் மூன்று சளிக்காய்ச்சல், ஒன்று பொங்கல், மூன்று ‘சோம்பல்’. இந்தச் சோம்பலுக்கு மரவேலையில் மருந்து கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டாரோடு பேசிவைத்த ஒன்று மட்டும் ஓரளவு வேலை செய்கிறது: சப்பாத்தை மாட்டி மேடையில் ஏறி, படிப்பெட்டியில் காலுக்குப் பத்து முறை ஏறி இறங்கினால் அன்றைக்கு டிக் போடலாம், அதோடு திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இதே லயத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்பு) எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெயர் கூப்பிட ஆள் இருந்தார். இப்போது அதற்குப் பதில் பொதுச்சுவரில் இரண்டு தட்டு.

மறுபடி செய்வதானால் மேடைக்கு முன்பே கம்பி, அதற்கும் முன்பே கூரை. பாலெட்டுக்குப் பதில் இரண்டுக்கு மூன்று சட்டம் அடித்து மேடையை நான்கு இஞ்சுக்குள் நிறுத்துவோம். சத்தமும் குறையும், கயிறும் சுழலும். டைமர் பாட்டரி உள்ளதாக வாங்குவோம். நடுத்தூணுக்குப் பக்கத்தில் கூரையில் மூன்று இடத்தில் இன்னும் பழைய ஆணியே இருக்கிறது. நான்கு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் அதையும் மாற்றிவிடலாம்.